ஸ்பீடு கேமரா சலான்: வராமல் ஓட்டுவது எப்படி, வந்தால் என்ன செய்வது

கேமரா கம்பம் கண்ணில் பட்டதும் பிரேக்கை மிதிப்பது, தாண்டியதும் மறுபடி ஆக்ஸிலேட்டரை அழுத்துவது. ஸ்பீடு கேமராவைப் பலரும் சமாளிப்பது இப்படித்தான். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் ஏன் திடீரென்று வேகத்தைக் குறைத்தீர்கள் என்று பின்னால் வரும் பைக்காரருக்குத் தெரியாது, அவர் பார்க்கும்போது முன்னால் சாலை காலியாகத்தான் கிடக்கும், நேராக உங்கள் டிக்கியில் வந்து மோதுவார். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இன்னொருத்தர் உயிரோடு விளையாடுகிற வேலை இது.

அதோடு, இந்த வித்தை இப்போது பலிப்பதும் இல்லை. போக்குவரத்துக் காவலர்கள் கையில் வைத்திருக்கும் லேசர் கன், நீங்கள் அவர்களைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் வண்டியை அளந்துவிடும். ஒளித்துடிப்புகளை அனுப்பி, அவை வண்டியில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிற கருவி அது, சில நொடி கூடத் தேவையில்லை. கம்பத்தில் இருக்கும் ரேடார், அலை திரும்பி வரும்போது அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைச் சொல்கிறது. பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்கிறது. மூன்றாவது வகைதான் பிரேக் போட்டுத் தப்பிக்கிறவர்களுக்குச் சரியான பதில். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் இருப்பது போன்ற சராசரி வேகக் கேமரா. ஓர் இடத்தில் உங்கள் எண்ணைப் பதிவு செய்து, அடுத்த இடத்தில் மறுபடி பதிவு செய்து, நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். 10 கி.மீ. தூரம், வரம்பு 100 என்றால் குறைந்தது 6 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். 5 நிமிடத்தில் வந்து சேர்ந்திருந்தால் சராசரியே 120. இரண்டு கம்பத்துக்கும் கீழே நீங்கள் நடை வேகத்தில் போயிருந்தாலும் சலான் வரும்.

சரி, முதல் வேலை, வரம்பு என்ன என்று தெரிந்துகொள்வது. இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சென்னையில் 2023 நவம்பரில் வேக வரம்பை மாற்றி அமைத்தார்கள்: கார் போன்ற இலகு ரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கு 50, இரு சக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியானாலும் 30. அந்தக் கடைசி எண்ணைத்தான் யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. மெயின் ரோட்டில் 55-ல் வந்துவிட்டு அதே வேகத்தில் தெருவுக்குள் திரும்புகிறோம், அந்தத் தெருவில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

நெடுஞ்சாலையில் பலரிடம் "ஃபோர் லேன்னா நூறு" என்று ஒரு கணக்கு உண்டு. மத்திய அரசு 2018-ல் கார்களுக்கு அறிவித்த உச்ச வரம்பு அது, எல்லா இடத்துக்கும் கொடுத்த அனுமதி இல்லை. ஊர் வரும் இடம், பள்ளிக்கூடம், மேம்பால வேலை நடக்கும் இடம், வளைவு என்று எங்கெல்லாம் பலகை குறைவான எண்ணைக் காட்டுகிறதோ அங்கெல்லாம் பலகை சொல்வதுதான் வரம்பு. மேப் ஆப் காட்டும் எண்ணையும் நம்பிவிடாதீர்கள். அது பழசாக இருக்கலாம், சலான் போடுகிறவர்களிடம் அது செல்லாது.

அந்தப் பலகைகளை ஏன் அங்கே வைத்திருக்கிறார்கள் என்று சென்னை–திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் மேல்மருவத்தூரைத் தாண்டும்போது பாருங்கள். சிவப்பு உடுத்திய பக்தர்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையோரம் நடப்பார்கள், வயதான அம்மா ஒருவர் கையில் பையோடு மீடியன் இடைவெளியில் நின்று கடக்கக் காத்திருப்பார். தை மாதத்தில் பழனிக்குப் போகும் சாலைகளிலும் அப்படித்தான், விடியற்காலை இருட்டில் பாதயாத்திரைக் கூட்டம் தார் ரோட்டின் ஓரத்திலேயே வரும். வேகம் 50-லிருந்து 65-க்கு ஏறினால், கார் மோதி நடப்பவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு ஆகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீட்டரில் 15 கி.மீ. நமக்கு ஒன்றுமே இல்லாத மாதிரித்தான் தெரியும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள், இது எனக்கு எப்போதும் உறைக்கும். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக். 60-ல் வருகிற கார் சுமார் 45 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்தில் அதே ஆபத்தைப் பார்த்து 80-ல் வருகிறவர் பிரேக் போட்டால், கால் பெடலுக்குப் போவதற்குள்ளேயே 33 மீட்டர் ஓடிவிட்டிருக்கும். முதல் கார் நின்றுபோன அந்த 45-ஆவது மீட்டரில் இவருடைய கார் இன்னும் 65 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல் போய்க்கொண்டிருக்கும். கூடுதலாக வைத்தது 20, மோதும் வேகம் 65. மழை பெய்தால் இன்னும் மோசம். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் பதிவானவை. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர்.

இதற்கு நமக்குக் கிடைப்பது என்ன? 100 கி.மீ. தூரத்தை 100-லேயே விடாமல் ஓட்டினால் ஒரு மணி நேரம், 80-ல் ஓட்டினால் ஒன்றேகால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தைப் பரனூர் டோல்கேட்டில் நிற்கிற வரிசையே தின்றுவிடும். ஆகவே பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள், அவ்வளவுதான். வாடகை வேனில் கல்யாணத்துக்குப் போகும்போது "முகூர்த்தத்துக்குள்ள போயாகணும், கொஞ்சம் அழுத்துங்க அண்ணே" என்று டிரைவரை விரட்டாதீர்கள். சலான் வந்தால் அவர் பிழைப்பில் கைவைக்கும், விபத்து என்றால் வண்டியில் இருக்கிற எல்லோருக்கும்தான்.

வண்டியிலேயே உதவி இருக்கிறது. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார் என்றால் 80-ஐத் தாண்டியதும் விட்டுவிட்டு பீப் அடிக்கும், 120-ஐத் தாண்டினால் நிற்காமல் அடிக்கும். எரிச்சலாக இருக்கிறது என்று ஒயரைப் பிடுங்கச் சொல்லி மெக்கானிக்கிடம் போகிறார்கள், வேண்டாம். பல கார்களில் நீங்களே ஒரு வேகத்தைக் குறித்து வைத்து அதைத் தாண்டினால் ஒலி வரும்படி செய்யலாம். ஊருக்குள் 60-க்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீடாமீட்டர் பொதுவாக உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், ஆனால் கம்பெனி டயருக்குப் பதிலாகப் பெரிய டயர் போட்டிருந்தால் கதை தலைகீழ். சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது, குறைத்துக் காட்டும். "நான் 60-லதான் வந்தேன், எப்படி சலான்?" என்று கேட்கிறவர்கள் முதலில் டயரின் பக்கவாட்டில் இருக்கும் அளவைப் பாருங்கள்.

இனி சலான் வந்தவர்களுக்கு.

முதலில் அது உண்மையான சலானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் "உங்கள் வாகனத்துக்கு அபராதம்" என்று ஒரு செய்தி, கூடவே ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு), அதை இன்ஸ்டால் செய்தால் ஓடிபி எல்லாம் மோசடிக்காரன் கைக்குப் போய் வங்கிக் கணக்கு காலி. ஊர் ஊராக நடக்கிற மோசடி இது. அரசு எந்தச் சலானையும் ஏபிகே ஃபைலாக அனுப்புவதில்லை. செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாமல், மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து, வண்டி எண்ணும் சேஸிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் போட்டுத் தேடுங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லையென்றால் வந்த செய்தியைப் பொய் என்றே வைத்துக்கொண்டு ஒதுக்குங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள்.

தளத்தில் சலான் இருந்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள், படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறதா? எட்டும் பி எழுத்தும், பூஜ்யமும் டி எழுத்தும் கேமரா மென்பொருளுக்குக் குழம்பும், அதனால் யாரோ ஒருவருடைய சலான் உங்கள் எண்ணுக்கு வந்து சேரும். படத்தில் இருப்பது உங்கள் மாடல், உங்கள் நிறம்தானா? பின் கண்ணாடியில் நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதா? லேசர் கன் படம் என்றால் குறுக்குக் கோட்டுக் குறி எந்த வண்டியின் மேல் இருக்கிறது என்று கவனியுங்கள், பக்கத்தில் ஓவர்டேக் செய்த வண்டியின் மேல் இருந்தால் அது உங்கள் வேகம் இல்லை. அளந்த வேகம், தேதி, நேரம், இடம், எந்தச் சட்டப் பிரிவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த 167ஏ விதி இதையெல்லாம் வரிசையாகக் கேட்கிறது: குற்றத்தைக் காட்டும் தெளிவான படம், கருவியின் அளவீடு, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ், அங்கீகாரச் சான்று பெற்று ஆண்டுதோறும் புதுப்பித்த கருவி, கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கைப் பலகை. 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. இவற்றில் எது குறைந்தாலும் நீங்கள் கேள்வி கேட்கலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்கள்தான் வேகமாகப் போயிருக்கிறீர்கள் என்றால் கட்டிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆவது பிரிவின்படி இலகு ரக வாகனத்துக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2000 முதல் 4000 வரை. இரண்டாவது முறை பிடிபட்டால் லைசென்ஸையே பறிமுதல் செய்ய வழி இருக்கிறது. கட்டாமல் கிடப்பில் போட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும், நாளைக்கு வண்டியை விற்கப் பெயர் மாற்றப் போகும்போதும் அது குறுக்கே வந்து நிற்கும்.

தவறான சலான் என்றால் சண்டை போடலாம், போட வேண்டும். நோட்டீஸில் இருக்கும் கெடு முடிவதற்குள் தளத்தின் புகார்ப் பகுதியில் பதிவு செய்யுங்கள். ஆர்.சி. நகல், உங்கள் வண்டியின் முன்பக்க, பின்பக்கப் படங்கள், அதோடு அந்த நேரத்தில் வண்டி வேறு இடத்தில் இருந்ததற்கான சான்று. இதற்கு ஃபாஸ்டேக் ஸ்டேட்மெண்ட் போல வேறில்லை. கிருஷ்ணகிரியில் டோல் கட்டிய அதே நிமிடத்தில் வண்டி வேளச்சேரியில் ஓடியிருக்க முடியாது. சர்வீஸ் சென்டர் பில், பார்க்கிங் ரசீதும் உதவும். உங்கள் எண்ணை வேறு யாரோ போலியாக மாட்டிக்கொண்டு சுற்றுவதாகத் தெரிந்தால், சலானோடு நிறுத்தாமல் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்கி வையுங்கள், அந்த வண்டி நாளை வேறு குற்றத்தில் சிக்கினால் அந்த ஒரு தாள்தான் உங்களைக் காப்பாற்றும். மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது இணையத்திலேயே இயங்கும் நீதிமன்றத்துக்குப் போய்விட்ட சலான் என்றால், அங்கே பணம் கட்டுகிறேன், வழக்காடுகிறேன் என்று இரண்டு வழி கேட்கும். வழக்காடுவதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பகுதி நீதிமன்றத்துக்கு மாற்றுவார்கள்.

வண்டியை விற்று வருஷக்கணக்கான பிறகும் சலான் வருகிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய. பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும், சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு "அவர் பார்த்துக்குவார்" என்று விடாதீர்கள், விற்ற 14 நாளுக்குள் நீங்களும் தெரிவிக்க வேண்டும். பரிவாஹனில் உங்கள் இப்போதைய மொபைல் எண்தான் இருக்கிறதா என்பதையும் இன்றைக்கே பாருங்கள். பழைய எண்ணுக்குப் போகும் சலான் உங்களுக்குத் தெரியாமலே நீதிமன்றம் வரை போய்விடும். சபரிமலை, மூணாறு என்று கேரளா போய் வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு ஒருமுறை தேடிப் பாருங்கள், அங்கே 2023 ஜூனிலிருந்து 726 கேமராக்கள் வைத்துச் சலான் போடுகிறார்கள். பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட் பார்ப்பவை.

கடைசியாக, உங்கள் ஊர் வழியே போகும் சாலையில் வேகம் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் நீங்களே கேமராவோ வேகத்தடையோ கேட்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். வெறுமனே "விபத்து அதிகம்" என்று எழுதினால் ஃபைலோடு ஃபைலாகப் போய்விடும். எந்த இடம், எத்தனை விபத்து, எந்த மாதம் என்று காவல் நிலையத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கி இணையுங்கள். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் படம், தலைமை ஆசிரியர் கையெழுத்து, ஊராட்சித் தீர்மானம் இவை சேர்ந்தால் மனுவுக்கு எடை கூடும். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் வராதீர்கள், பதில் வரவில்லையென்றால் அந்த எண்ணைக் காட்டித்தான் அடுத்த மாதம் போய்க் கேட்க முடியும்.