ஊருக்குப் போகும்போது வழி காட்டவும் ஒரு கைத்தொலைபேசி: எதைப் பார்த்து வாங்குவது?

ஊருக்குப் போவதற்காகப் புதுப் போன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கமெராவையும் திரையையும்தான் பார்க்கிறார்கள். வன்னியில் ஒரு கிரவல் ரோட்டில், சிக்னல் ஒரு கோடு கூட இல்லாத இடத்தில், நாம் எங்கே நிற்கிறோம் என்று அந்தப் போன் சொல்லுமா? இந்தக் கேள்வியைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும்போது அதைக் கேட்கத் தேவையும் வராது. அங்கே தெருவுக்குப் பெயர் உண்டு, வீட்டுக்கு இலக்கம் உண்டு, இணையம் எந்நேரமும் உண்டு. ஊரிலோ "வைரவர் கோயிலடியாலை திரும்பி, ரெண்டாவது ஒழுங்கை, மூலை வளவு" என்பதுதான் இன்னமும் பல வீடுகளின் விலாசம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சின்ன வயதில் வெளியேறியவர்களும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இப்போது தனியாக ஊருக்குப் போகிறார்கள். வழி கேட்க அவர்களுக்கு அந்த ஊரில் முகம் தெரிந்தவர்கள் இல்லை. அவர்களுக்குக் கையில் இருக்கும் போன் உண்மையாகவே துணையாக இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஜிபிஎஸ் வேலை செய்ய டேட்டா தேவையில்லை, சிம் கூடத் தேவையில்லை. ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றியபடி நேரத்தையும் தங்கள் பாதையையும் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். செய்மதிக்கு அது எதையும் திருப்பி அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செய்மதிகளின் குரல் கேட்டால் நிற்கும் இடத்தைக் கணித்துவிடும். இணையம் உதவுவது இரண்டு இடங்களில். ஒன்று, வரைபடத்தை இறக்கித் திரையில் காட்ட. மற்றது, எந்தச் செய்மதி எங்கே இருக்கிறது என்ற விபரத்தை உடனே கொடுத்து இடத்தை விரைவாகக் கண்டுபிடிக்கவைக்க. இந்த உதவி கிடைக்காதபோது போன் அந்த விபரத்தைச் செய்மதியிடமிருந்தே மெதுவாகக் கேட்டெடுக்க வேண்டும். அதனால்தான் விமானத்தால் இறங்கி முதல்முறை திறக்கும்போது, நாம் நிற்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் நீலப்புள்ளி வரத் தாமதிக்கிறது. வெட்டவெளியில், வானம் தெரியும்படி வைத்து சில நிமிடம் பொறுங்கள். போன் பழுதாகிவிட்டதென்று பயப்பட வேண்டாம்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது?

அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய செய்மதி அமைப்புகளையும் கேட்கும் போனாக இருக்க வேண்டும். கடைசிச் சில வருடங்களில் வந்த நல்ல போன்கள் அநேகமாக எல்லாமே இவற்றைக் கேட்கும். இந்தியாவின் நாவிக் அமைப்பு இந்திய எல்லையிலிருந்து சுமார் 1,500 கிலோமீற்றர் தூரம் வரை சேவை தருவதற்காக அமைக்கப்பட்டது, ஆகவே இலங்கை முழுவதும் அதற்குள் வந்துவிடும். ஐபோன் 15 ப்ரோவிலிருந்து நாவிக் உண்டு, அன்ட்ராய்டிலும் பல மொடல்களில் உண்டு. இருந்தால் நல்லது, இல்லையென்பதற்காக ஒரு போனை ஒதுக்க மாட்டேன்.

அடுத்து, விற்பனையாளர்கள் பெரிதாகச் சொல்லும் இரட்டை அலைவரிசை. பழைய போன்கள் எல்1 என்ற ஒரே அலைவரிசையை மட்டும் கேட்கும். 2018இல் ஷாவோமி மி 8 வந்தபோதுதான் எல்5 அலைவரிசையையும் சேர்த்துக் கேட்கும் கைத்தொலைபேசி கடைக்கு வந்தது. ஐபோனில் அது 2022இல், 14 ப்ரோவோடு வந்தது. உயரமான கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞையால் உண்டாகும் பிழையை எல்5 நன்றாகக் குறைக்கும். வெள்ளவத்தையில் இதன் அருமை தெரியும். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி அடுத்தடுத்து இறங்கும் ஒழுங்கைகளில், சாதாரணப் போன் சிலநேரம் பக்கத்து ஒழுங்கையில் நிற்பதாகக் காட்டும். ஆனால் கிளிநொச்சியிலோ வடமராட்சியிலோ வானம் திறந்துதான் கிடக்கிறது, அங்கே ஒற்றை அலைவரிசையே போதும். கொழும்பில் அதிக நாள் நிற்கப் போகிறீர்களென்றால் மட்டும் இதற்காகக் கூடுதல் காசு கொடுங்கள்.

என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானது திசைகாட்டி உணரி. விலை குறைந்த அன்ட்ராய்ட் போன்கள் சிலவற்றில் இது இல்லை. ஜிபிஎஸ் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும், ஆனால் அசையாமல் நிற்கும்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. வாகனத்தில் இது குறையாகத் தெரியாது. காணிக்குள் இறங்கி நடக்கும்போது, வடக்கு எது தெற்கு எது என்று புரியாத பற்றைக்காட்டில், உடனே தெரியும். போனின் விபரக்குறிப்பில் 'மேக்னெட்டோமீட்டர்' அல்லது 'காம்பஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளின் ஐபேடைக் கொண்டுபோய்ச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல்: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடக்கூடிய மொடலில் மட்டுமே உண்டு.

வாங்கியபின் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃப்ளைட் மோடைப் போடுங்கள், வைஃபையையும் நிறுத்துங்கள். வெளியே போய், முன்பே இறக்கிவைத்த வரைபடத்தைத் திறந்து சிறிது தூரம் நடந்து பாருங்கள். நீலப்புள்ளி உங்களோடு சேர்ந்து நகர்ந்தால் அந்தப் போன் ஊரிலும் வேலை செய்யும். அன்ட்ராய்ட் என்றால் ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவசச் செயலி எந்தெந்த நாட்டுச் செய்மதிகள் கேட்கின்றன, எல்5 கேட்கிறதா என்பதையெல்லாம் பட்டியலாகக் காட்டும். பாவித்த போன் வாங்குகிறவர்கள் காசு கொடுக்க முன்னரே இதைச் செய்யலாம்.

சிம் பற்றியும் கவனம் தேவை. தவணையில் வாங்கிய போன்கள் சில, விற்ற தொலைபேசி நிறுவனத்தின் சிம் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டப்பட்டிருக்கலாம். புறப்பட முன்னர் பூட்டைத் திறப்பித்துக்கொள்ளுங்கள், கட்டுநாயக்காவில் இறங்கியபின் அங்கிருந்து திறப்பிப்பது பெரும்பாடு. அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன் 14 முதலான மொடல்களில் சிம் போடும் இடமே இல்லை. ஐபோன் 17இலிருந்து கனடாவில் விற்பவையும் அப்படித்தான். அப்படியான போன் உங்களிடம் இருந்தால் இ-சிம்முக்கு (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்முக்கு) முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். மாமா எடுத்துவைத்திருக்கும் சிம்மை அதில் போட முடியாது. சாதாரண சிம் போடும் போன் என்றால் விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம்.

வெயிலும் சார்ஜும்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். திரையும் ஜிபிஎஸ்ஸும் வழி முழுக்க ஓடினால் எந்த பற்றரியும் தாக்குப்பிடிக்காது. வாகனத்தில் செருகும் சார்ஜரையும் நல்ல வயரையும் நீங்களே கொண்டுபோங்கள். வாடகை வானில் இருக்கும் வயர் உங்கள் போனுக்குப் பொருந்தும் என்று நம்பிப் போக வேண்டாம். ஐபோனை 35 பாகை வரையான சூழலில் பாவிக்கத்தான் அப்பிள் சொல்கிறது. பகலில் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த போன் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டினால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், பிறகு போனே தன்னை நிறுத்திக்கொள்ளும். ஏசி காற்று வரும் துவாரத்தில் கொளுவும் தாங்கிதான் இதற்கு நல்லது. வெயிலில் திரை தெரிய வேண்டும் என்பதால் பிரகாசம் கூடிய திரையுள்ள போனுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. அப்புறம், வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பழைய வீடுகளில் உருண்டை முனைச் செருகிகள், புது வீடுகளில் லண்டன் பாணிச் சதுர முனை. இரண்டுக்கும் ஏற்ற அடப்டர் ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

வரைபடத்தில்தான் பாதி வேலை

எவ்வளவு நல்ல போன் என்றாலும் வரைபடம் இல்லாவிட்டால் அது அகலக்கோடு, நெடுங்கோடு என்ற வெறும் இலக்கங்களைத்தான் காட்டும். கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியை இறக்கிவைக்கலாம். இணையம் இல்லாதபோது அது வாகனப் பாதையை மட்டுமே சொல்லும், நடைபாதையைச் சொல்லாது. இறக்கிய பகுதி காலாவதியும் ஆகும், ஆகவே புறப்படும் வாரத்தில் ஒருமுறை புதுப்பியுங்கள். அதோடு ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மான்ட் செயலியையும் போட்டுக்கொள்ளச் சொல்வேன். இவை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற, ஆர்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடத்தைப் பாவிக்கின்றன. இலங்கை முழுவதும் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும், நடந்து போகும் பாதையையும் இணையமின்றிச் சொல்லும். இரண்டையும் வைத்திருந்தால் ஒன்றில் இல்லாத ஒழுங்கை மற்றதில் இருக்கக் காண்பீர்கள்.

பழைய வழிகாட்டிக் கருவி ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதையே கொண்டுபோகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வரைபடத்தைப் புதுப்பிக்க முடியாத கருவியை நம்ப வேண்டாம். பூநகரியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய வரைபடம் மன்னாரிலிருந்து வருகிறவரைத் தேவையில்லாமல் ஏ9 வீதிக்குச் சுற்றி அனுப்பும்.

இடங்களைப் பெயரால் தேடுவதைவிடப் புள்ளியாகச் சேமிப்பதே எப்போதும் நல்லது. ஒரே ஊரின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறார்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்களும் இருக்கின்றன. புறப்பட ஒரு மாதம் முன்னரே ஊரில் இருக்கும் சொந்தங்களிடம் கேளுங்கள்: பெரியம்மாவின் வீட்டு வாசலில் நின்று வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே குலதெய்வக் கோயில், படித்த பள்ளிக்கூடம், பழைய வளவு எல்லாவற்றையும் பெயரிட்டுச் சேமியுங்கள். அந்தப் புள்ளிகளின் அகலக்கோட்டு, நெடுங்கோட்டு இலக்கங்களை ஒரு தாளிலும் எழுதிவையுங்கள். போன் தண்ணீருக்குள் விழுந்தாலும் அந்தத் தாளைப் பார்த்து வேறொரு போனில் தட்டலாம். தசமத்தில் எழுதினால் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வேண்டும். நான்காம் இலக்கத்தில் ஒன்று மாறினால் சுமார் 11 மீற்றர் தள்ளிப்போகும்.

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகும்போது கடல் நடுவில் சிக்னல் போனாலும் நீலப்புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள், தீவுகளின் பெயர்களை அவர்கள் அப்படியே பழகிவிடுவார்கள்.

போன் சொன்னாலும் போகக்கூடாத இடங்கள் உண்டு. முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை பல வருடங்களாக நடந்துவருகிறது. வரைபடத்தில் ஒற்றையடிப் பாதையாகத் தெரிவது அகற்றி முடிக்காத நிலத்தின் ஊடாகவும் போகலாம். மண்டையோட்டுப் பலகையோ, கட்டிய நாடாவோ கண்டால் அங்கேயே நில்லுங்கள், வந்த வழியால் திரும்புங்கள், ஊர்ச்சனத்திடம் கேளுங்கள். ஹபரணைப் பக்கம் பொழுதுபட்டபின் போன் காட்டும் குறுக்குவழியையும் தவிருங்கள், யானைகள் ரோட்டுக்கு வரும் நேரம் அது.

சென்னை வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஜிபிஎஸ் கேட்கும் போனை எங்கும் கொண்டுபோகலாம். செய்மதி ஊடாகப் பேசும் அல்லது செய்தி அனுப்பும் கருவி வேறு வகை. துராயா, இரிடியம் போன்ற செய்மதித் தொலைபேசிகளை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுபோவது குற்றம். மலையேறுகிறவர்கள் கொண்டுதிரியும் கார்மின் இன்ரீச் கருவிக்காகவும் விமான நிலையங்களில் வெளிநாட்டவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் உங்களிடம் இருந்தால் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

காணி பார்க்கப் போகிறவர்களுக்கு

பலர் ஊருக்குப் போவதன் முக்கிய அலுவலே காணிதான். இடம்பெயர்ந்து முப்பது வருடம் கழித்துப் போகும்போது வேலியும் இல்லை, வீடும் இல்லை, அடையாளத்துக்கு நின்ற மரமும் இல்லை. இங்கே போன் பெரிய உதவி. அப்பா அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போய், கிணறு இருந்த இடம், படலை இருந்த இடம் என்று அவர்கள் காட்டும் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடமாவது அசையாமல் நின்று புள்ளியைச் சேமியுங்கள். அதிலேயே நின்று படமும் எடுங்கள். கமெராவுக்கு இட அனுமதி கொடுத்திருந்தால் படத்தோடு இடமும் பதிவாகும். முதியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது, அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டாம்.

ஆனால் அந்தப் புள்ளியை வைத்து எல்லைக்கதைக்குப் போகாதீர்கள். திறந்த வானத்தின் கீழும் கைத்தொலைபேசியின் பிழை ஐந்து மீற்றர் அளவுக்கு இருக்கும். ஒரு பரப்புக் காணியைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 16 மீற்றர்தான் வரும். அதில் ஐந்து மீற்றர் என்பது மூன்றில் ஒரு பங்கு. போனைக் காட்டி "உங்கட மதில் எங்கட காணிக்குள்ள வந்திருக்கு" என்று பக்கத்து வளவோடு சண்டைக்குப் போனால், பல வருட உறவு முறிவதுதான் மிஞ்சும். புள்ளிகளை ஒரு தொடக்கக் குறிப்பாக வைத்துக்கொண்டு, காணி உறுதியையும் பழைய அளவைப் படத்தையும் எடுத்துப்போய் அனுமதி பெற்ற நில அளவையாளரிடம் கொடுங்கள். அவர் வந்து அளக்கும் நாளில் பக்கத்துக் காணிக்காரரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். அளவையாளருக்கு நாள் கிடைப்பது உடனே நடக்காது, ஆகவே டிக்கெட் போட்டவுடனேயே ஊரில் இருப்பவர் மூலம் அவரோடு பேசி நாளைக் குறித்துவிடுங்கள்.