போர் நடக்கும் ஊர்ப் பேராசிரியர்களோடு ஆராய்ச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி பக்கம் சூடான், மியான்மர் பேராசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்யும் இளம் ஆராய்ச்சியாளர்கள் சிலரை எனக்குத் தெரியும். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் செட் செய்த தவறுகளையே தேடிப் பிடித்துச் செய்கிறார்கள். மரியாதையாக எழுதுவது, நேர வித்தியாசம் பார்ப்பது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பதில் வரவில்லை என்று பெயரை எடுப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பாலாற்றங்கரைக் கிணறுகளையும் சூடான் கிணறுகளையும் ஒப்பிட்டு இங்கே ஒரு குழு ஆய்வு செய்தது. சூடானின் வாத் மதனி நகரில் இருந்த ஒரு பேராசிரியை தண்ணீர் எடுத்து, சோதித்து, அட்டவணை போட்டு அனுப்பினார். 2023 ஏப்ரலில் அந்நாட்டுத் தலைநகர் கார்ட்டூமில் சண்டை தொடங்கியது. டிசம்பரில் வாத் மதனியும் துணை ராணுவமான ஆர்எஸ்எஃப் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் செல்போனும் இன்டர்நெட்டும் நின்றுபோயின.

அந்த நேரம் பார்த்து இங்கே கட்டுரை தயார். கட்டுரையாசிரியர்கள் எல்லோரும் மெயிலில் வரும் லிங்கை அழுத்தி ஒப்புதல் தர வேண்டும் என்றது இதழ். அவரிடமிருந்து மட்டும் வரவில்லை. "தீசிஸ் சப்மிட் பண்ணணும் சார், மேடம் பேரை நன்றியில போட்டுடலாமா?" என்று மாணவர் கேட்க, வழிகாட்டியும் சரி என்றுவிட்டார்.

பல மாதம் கழித்து கெய்ரோவிலிருந்து அந்த அம்மா மெயில் போட்டார். சண்டை போடவில்லை. மூன்றாவது அட்டவணையில் ஒரு கிணற்றின் பெயர் தப்பாக இருக்கிறது, திருத்திவிடுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தார். ஊரும் வேலையும் போனவர் வேறு நாட்டில் வேலை கேட்கப் போனால், காட்டுவதற்கு மிச்சமிருப்பது கட்டுரையில் உள்ள பெயர்தானே?

மருத்துவ இதழ்கள் பின்பற்றும் ஐசிஎம்ஜேஇ (மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு) விதியில் கட்டுரையாசிரியருக்கு நான்கு தகுதிகள் உண்டு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தருவது மூன்றாவது. இதைக் காட்டித்தான் பெயரை வெட்டுகிறார்கள். உழைத்தவருக்கு வரைவைப் பார்க்கவும் ஒப்புதல் தரவும் வாய்ப்பே கொடுக்காமல், அதையே காரணமாக்கி நீக்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. அதுவரை யாரும் படிப்பதில்லை!

அதற்காக அவர் பெயரில் நீங்களே லிங்கை அழுத்தினால் அது மோசடி. பெயர் வரிசை, பெயரின் எழுத்துக்கூட்டல், தொடர்பு அறுந்தால் எவ்வளவு காலம் காத்திருப்பது, அவர் சார்பில் யார் பேசலாம், எல்லாவற்றையும் மாதிரி எடுக்கும் கட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு வரைவுக்கும் அப்போதைக்கப்போது ஒப்புதல் வாங்கி வையுங்கள். சொந்த மெயில் முகவரியும் கையில் இருக்கட்டும். பல்கலைக்கழக சர்வர் போனால் அந்த மெயிலும் போச்சு. அப்புறமும் பதில் இல்லையென்றால் எடிட்டருக்கு நிலைமையை விளக்கி எழுதுங்கள். உங்கள் தீசிஸ் தேதி அந்தப் பேராசிரியரின் பிரச்சினை இல்லை.

கேட்காமல் படம் போடுவது

ஜூம் மீட்டிங் முடிந்த கையோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிபார்ட்மென்ட் ஃபேஸ்புக்கில் போடுவது நம் ஊர்க் கல்லூரிகளுக்கு ஒரு வியாதி. மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்த ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், பலர் தலைமறைவானார்கள். அப்படி ஒருவரின் முகமும் ஊரும் உங்கள் பக்கத்தில் இருந்தால், லைக் உங்களுக்கு, ஆபத்து அவருக்கு. கட்டுரையில் பெயர் வர வேண்டுமா, புனைபெயரா, பெயரே வேண்டாமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

வீடியோ மீட்டிங்

வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.

பணம்

அங்கே பணம் அனுப்புவதாக, பேங்கில் கேட்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அனுமதி

ரத்த மாதிரி, நோயாளி விவரம் என்றால் இங்குள்ள நெறிமுறைக் குழு ஒப்புதல் மட்டும் போதாது, அங்குள்ள குழுவும் ஒப்ப வேண்டும். அங்கே உறுப்பினர்களே ஊரைவிட்டுப் போயிருக்கலாம். முதலில் அதை விசாரியுங்கள்.

பாவம் பார்த்து வேலை தராமல் இருப்பது

"அவங்க இருக்கற நிலைமையில தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். அவரைக் கேட்டீர்களா? நெட் இல்லாமலே செய்யக்கூடிய சின்ன வேலையாக, ஒரு அட்டவணை, ஒரு பக்கம் என்று பிரித்து, படங்களை எடுத்துவிட்டு வெறும் எழுத்தாக அனுப்புங்கள். முடியாது என்றால் அவரே சொல்லிவிடுவார்.