யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அசைவூட்டத் தொடரை உருவாக்குவது எப்படி: ஸ்டீபன் ஹில்லன்பர்க்கின் வாழ்க்கை வழியே ஒரு வழிகாட்டி

அசைவூட்டத் (அனிமேஷன்) தொடரொன்றை உருவாக்க விரும்பும் நம் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது எந்த மென்பொருள் நல்லது, எந்தக் கணினி போதும் என்பதைத்தான். அவையும் தேவைதான், ஆயினும் ஒரு தொடர் பல ஆண்டுகள் சலிக்காமல் ஓட வேண்டுமானால், அதைப் படைப்பவருக்கு ஏதேனும் ஓர் உலகம் உள்ளும் புறமும் தெரிந்திருக்க வேண்டும். ‘ஸ்பாஞ்ச்பாப் ஸ்குவேர்பேன்ட்ஸ்’ தொடரைப் படைத்த ஸ்டீபன் ஹில்லன்பர்க்கின் வாழ்க்கையை இந்த வழிகாட்டிக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

அவர் 1961 ஓகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் பிறந்து, கலிபோர்னியாவில் வளர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் கடல் வளங்களைச் சிறப்பாகக் கற்று 1984இல் பட்டம் பெற்றபின், டானா பொயின்ற் என்ற கரையோர ஊரிலுள்ள கடலியல் நிறுவனமொன்றில் சிறுவர்களுக்குக் கடலுயிர்களைப் பற்றிக் கற்பித்தார். வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட கரையில் வாழும் உயிர்களை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துவதற்காக அவர் வரைந்த படக்கதைப் புத்தகத்தில், கதையை எடுத்துச் சொல்பவராக வந்தது பொப் என்ற பெயருடைய கடற்பஞ்சு. அந்தப் புத்தகத்தை வெளியிடப் பதிப்பாளர் எவரும் முன்வரவில்லை. பின்னர் கற்பித்தலை விட்டு, கலிபோர்னியா இன்ஸ்டிடியூட் ஒப் ஆர்ட்ஸில் சேர்ந்து, அங்கு கற்பித்த ஜூல்ஸ் எங்கெலிடம் பரிசோதனை அசைவூட்டம் பயின்று 1992இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அவருடைய மாணவப் படங்களைக் கண்ட ஜோ மறே, தமது ‘ரொக்கோஸ் மொடர்ன் லைஃப்’ அசைவூட்டத் தொடரில் அவரைச் சேர்த்துக்கொண்டார். அந்தத் தொடர் 1996இல் முடிந்த பின்னரே கடற்பஞ்சு மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. அதை நாயகனாகக் கொண்ட ‘ஸ்பாஞ்ச்பாப்’ 1999 மே 1 அன்று அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சியான நிக்கலோடியனில் முதன்முறையாக ஒளிபரப்பானது. ஆசிரியப் பணி தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் பதினைந்து ஆண்டுகள். இந்த ஆண்டுகளில் ஒன்றுகூட வீண்போகவில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே முதல் வேலை, உங்கள் உலகத்தைத் தெரிவு செய்வது. அது திருநெல்வேலிச் சந்தையாக இருக்கலாம், கோப்பாயின் செம்மண் தோட்டமாக இருக்கலாம், பனங்கூடலாக இருக்கலாம். நமக்கு மிக அருகில் இருந்தும் நம் கதைகளில் அரிதாகவே இடம்பெறும் யாழ்ப்பாணக் கடனீரேரியை இங்கு எடுத்துக்கொள்கிறேன். நீர் வற்றிக் கிடக்கும் நேரம் பார்த்து, வரைவுப் புத்தகத்துடன் கண்டல் ஓரத்துச் சேற்று நிலத்துக்குச் செல்லுங்கள். ஒரு கை மட்டும் பெருத்த சிறு நண்டுகள் தத்தம் வளை வாசலில் நின்று அந்தக் கையை உயர்த்தி உயர்த்தி அசைப்பதைக் காண்பீர்கள். அவை ஆண் நண்டுகள். பெண் நண்டை அழைப்பதற்கும் மற்ற ஆண்களை எச்சரிப்பதற்கும் அவ்வாறு செய்கின்றன. பெண் நண்டு இரண்டு சிறிய கைகளாலும் மாறி மாறிச் சேற்றை அள்ளி உண்ண, ஆண் நண்டோ தன் பெருமைக்குரிய பெரிய கை உணவெடுக்க உதவாததால் சிறிய கை ஒன்றாலேயே உண்ண வேண்டியிருக்கிறது. உங்கள் காலடி அதிர்ந்தவுடன் அத்தனையும் வளைக்குள் மறைந்துவிடும். அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். வீறாப்பாகக் கையசைத்து, பசியோடு மெதுவாக உண்டு, சிறு சத்தத்துக்கும் ஓடி ஒளியும் ஒருவர்: எந்தக் கற்பனையும் சேர்க்காமலே ஒரு பாத்திரம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

இவ்வாறான கவனிப்பைக் குறைந்தது ஒரு பருவமாவது தொடருங்கள். சிறகுவலையில் என்னென்ன படுகின்றன, எந்த மாதத்தில் இறால் பெருகுகிறது, கடலட்டை எதை உண்கிறது என்பவற்றைக் குருநகரிலும் பாசையூரிலும் தொழில் செய்பவர்களிடம் மரியாதையோடு கேட்டறியுங்கள். ‘ஐயா, இதை என்னெண்டு சொல்லுவியள்?’ என்று கேட்டால், நூல்களில் கிடைக்காத பல செய்திகள் கிடைக்கும்.

அடுத்தது பாத்திரங்களின் வடிவம். ஹில்லன்பர்க் முதலில் உண்மையான கடற்பஞ்சின் ஒழுங்கற்ற வடிவங்களையே வரைந்து பார்த்தார். பின்னர், சமையலறையில் பாத்திரம் கழுவும் சதுரப் பஞ்சின் வடிவமே அந்த வெகுளித்தனமான குணத்துக்குப் பொருந்துகிறது என்று கண்டுகொண்டார். நீங்களும் ஒவ்வொரு பாத்திரத்தையும் முழுக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலுருவை மட்டும் கண்டே இன்னார் என்று ஒரு சிறுபிள்ளை சொல்லிவிட வேண்டும். அதன்பின் முன், பக்கம், முக்கால் பக்கம், பின் ஆகிய நான்கு நிலைகளிலும் ஒரே உயரக் கோடுகளுக்குள் வரைந்து வைத்தால், நாளை உங்களுடன் வேலை செய்ய வருபவரும் அதே உருவத்தைப் பிசகாமல் வரைய முடியும்.

பாத்திரங்கள், அவர்கள் வாழும் இடம், ஒவ்வொருவரும் விரும்புவதும் அஞ்சுவதும், இந்த உலகத்தில் நடக்கக்கூடியவை, நடக்கக்கூடாதவை ஆகியவற்றை ஒரு சிறு தொடர்க் கையேடாகத் தொகுத்துக்கொள்ளுங்கள். அதன் இறுதியில் இரண்டு மூன்று வரிகளில் பத்துக் கதைகள் இருக்க வேண்டும். பத்து எழுத முடியாவிட்டால் மீண்டும் கரைக்குப் போவதே வழி.

இனி ஸ்டோரிபோர்ட், அதாவது கதையைக் காட்சி காட்சியாக வரைந்து அடுக்குவது. இந்தக் கட்டத்தில்தான் தொடர் உண்மையில் பிறக்கிறது. ஸ்பாஞ்ச்பாப் தொடரில் முழு வசனமும் எழுதிய திரைக்கதையை ஓவியர்களிடம் கொடுப்பதில்லை. சுருக்கமான கதைக்குறிப்பை மட்டும் கொடுக்க, ஸ்டோரிபோர்ட் ஓவியர்களே காட்சிகளை வரைந்துகொண்டு வசனத்தையும் நகைச்சுவையையும் உருவாக்கினார்கள். கையில் பென்சில் இருப்பவரே எழுத்தாளராகவும் இருப்பதால், நகைச்சுவை பேச்சில் மட்டும் தங்கிவிடாமல் உடலசைவிலும் முகபாவத்திலும் விளைகிறது. நீங்களும் ஒரு பக்கக் குறிப்போடு தொடங்கி, சிறு தாள்களில் ஒரு தாளுக்கு ஒரு காட்சியாக விரைவாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். பிறகு வீட்டிலுள்ள பிள்ளைகளை அழைத்து, தாளைத் தொட்டுத் தொட்டுக் கதையைச் சத்தமாகச் சொல்லுங்கள். அவர்கள் கண் சுவரை விட்டு விலகும் இடத்திலுள்ள தாளைத் தயங்காமல் கழற்றிவிடுங்கள். ஒழுங்கு உறுதியானபின் தாள்களைப் படமெடுத்து, தற்காலிகக் குரலுடன் நேரம் பொருத்தினால் அனிமேட்டிக் என்ற மாதிரிக் காணொளி தயாராகிவிடும்.

அசைவை வரைவதற்கு முன் குரலைப் பதிவு செய்ய வேண்டும். வாயசைவும் முகபாவமும் குரலைப் பின்பற்றியே வரையப்படுகின்றன. தனி ஒலிப்பதிவுக்கூடம் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். மெத்தையும் கனத்த போர்வைகளும் சுற்றி வைத்த சிறிய அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, காகமும் கோயில் ஒலிபெருக்கியும் ஓய்ந்த இரவில் பதிவு செய்தால் போதிய தெளிவு கிடைக்கும். பாத்திரங்கள் நம்மூர்த் தமிழிலேயே பேசட்டும். ‘எனக்கு ஒரு கைதான் சாப்பிட உதவும், கொஞ்சம் பொறுங்கோ அண்ணை’ என்று நண்டு சொல்லும்போது வரும் உயிர், தொலைக்காட்சிப் பொதுத்தமிழில் வராது.

வரையும் வேலையின் அளவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது அவசியம். திரையில் ஒரு வினாடிக்கு ஓடுவது 24 சட்டகங்கள், அதாவது 24 நிலைப்படங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினால் 12 படங்கள். ஒரு நிமிடத்துக்கு 720, ஸ்பாஞ்ச்பாப்பின் கதை ஒன்றின் வழக்கமான நீளமான 11 நிமிடத்துக்கு 7,920. அதுவும் ஒரே ஒரு பாத்திரம் அசைந்தால் வரும் கணக்கு. அந்தத் தொடருக்கே ஸ்டோரிபோர்ட் கலிபோர்னியாவில் உருவாக, அசைவூட்டம் தென்கொரியாவிலுள்ள கலையகத்தில் செய்யப்பட்டது. தனியொருவர் ஒரு நிமிட முன்னோட்டத்துடன் தொடங்குவதே அறிவுடைமை. உடலை நிறுத்தி வாயையும் கண்ணிமையையும் மட்டும் அசைப்பது, ஒரே நடைச்சுற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது, பின்னணியை நகர்த்துவது ஆகிய உத்திகள் பாதி உழைப்பைக் குறைக்கும். கிரிட்டா, பிளெண்டர், ஓப்பன்டூன்ஸ் ஆகிய மூன்று மென்பொருட்களும் இலவசமானவை. எதில் கை படிகிறதோ அதில் செய்யலாம்.

முன்னோட்டம் கையில் இருந்தால் தயாரிப்பாளர்களிடம் செல்லலாம். ஹில்லன்பர்க் தம் எண்ணத்தை நிக்கலோடியனிடம் முன்வைத்தபோது ஹவாய்ச் சட்டை அணிந்து, கடற்பாத்திரங்களின் உருவங்களை உள்ளே வைத்த மீன்தொட்டியொன்றையும், சூழலுக்கேற்ற இசையையும் கொண்டுசென்றார். கேட்பவர் அந்த உலகத்துக்குள் சில நிமிடமாவது இருந்து பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் கடனீரேரிக் கதைக்குச் சேற்று நிலத்தின் சிறு மாதிரியும், கரையில் பதிவு செய்த ஒலியும் போதும். பெயரையும் அதற்கு முன்பே சரிபாருங்கள்: ‘ஸ்பாஞ்ச்போய்’ என்று வைத்த முதற்பெயரை வேறொரு பொருள் வணிகப் பெயராகக் கொண்டிருந்ததால் அவர் மாற்ற நேர்ந்தது.

உரிமை பற்றிய விடயத்தைப் பலர் கடைசிவரை ஒத்திப்போடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அமெரிக்கப் படக்கதை ஓவியர் மாட் குரோனிங், தாம் ஏற்கெனவே வரைந்துவந்த படக்கதையின் உரிமையை இழக்க விரும்பாமல், தயாரிப்பாளரைச் சந்திக்கக் காத்திருந்த வேளையில் புதிதாக வரைந்த குடும்பமே 1987இல் ‘த சிம்ப்சன்ஸ்’ ஆகத் தொலைக்காட்சிக்கு வந்தது. ஹில்லன்பர்க்கோ 2004இல் வெளிவந்த திரைப்படத்தோடு தொடரை நிறைவு செய்ய விரும்பினார். ஒளிபரப்பு நிறுவனம் தொடர்ந்து நடத்த முடிவெடுத்ததால், அன்றாடப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்து விலகினார். பின்னாளில் மீண்டும் தொடருடன் இணைந்து, தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயால் பாதிக்கப்பட்டதை 2017இல் அறிவித்த பிறகும் பணியாற்றி, 2018 நவம்பர் 26 அன்று 57ஆம் வயதில் காலமானார். அவரில்லாமலும் தொடர் ஓடுகிறது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யாமலே உங்கள் படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. அது படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஊழியராக, அந்த வேலையின் பகுதியாக உருவாக்கியவற்றின் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறாகச் சொல்லாவிட்டால், நிறுவனத்துக்கே சேரும். எனவே வரைவுப் புத்தகங்களில் திகதியிட்டு ஒரு பிரதியை வேறிடத்திலும் சேமித்து வையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம், விளையாட்டுப் பொருட்களின் வருமானத்தில் உங்களுக்குப் பங்குண்டா, நீங்கள் விலகிய பின்னும் அவர்கள் தொடரை நடத்தலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இருக்கிறதா என்று ஒரு சட்டத்தரணியைக் கொண்டு வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.