சர்ஃபேஸ் பிளானர், திக்னஸ் பிளானர்: புதிதாகத் தொடங்குவோருக்கான பாதுகாப்பான இழைப்பு முறை

மரவாடியில் அறுத்து வாங்கிவரும் பலகை அன்றைக்கு நேராகத் தெரிந்தாலும், காயக் காய அதில் வளைவும் முறுக்கும் குழிவும் வந்துவிடுகின்றன. அதை நேராக்கிச் சதுரிக்க இரண்டு இயந்திரங்கள் வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் ஜாயின்டர் என்று சொல்லப்படுவதும் நம் பட்டறைகளில் சர்ஃபேஸ் பிளானர் என்று வழங்குவதும் ஒன்றே. அது பலகையின் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் தட்டையாக்குகிறது. திக்னஸ் பிளானர் அந்தத் தட்டையான முகத்துக்கு இணையாக எதிர்முகத்தை இழைத்து, பலகை முழுவதையும் ஒரே தடிமனுக்குக் கொண்டுவருகிறது. சர்ஃபேஸால் தடிமனைச் சமமாக்க முடியாது. திக்னஸால் வளைவை எடுக்க முடியாது, ஏனெனில் அதன் உருளைகள் வளைந்த பலகையை அழுத்தித் தட்டையாக்கி உள்ளே இழுக்கும், வெளியே வந்ததும் பலகை பழைய வளைவுக்கே திரும்பிவிடும்.

இவ்விரண்டில் அதிகம் அஞ்ச வேண்டியது சர்ஃபேஸ் பிளானருக்குத்தான். நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 முதல் 6,000 சுற்றுகள் வரை சுழலும் கத்தி உருளையின் மேல், மரத்தை நம் கையாலேயே அழுத்தித் தள்ளுகிறோம். மரம் கத்தியை மூடியிருக்கும்வரை ஆபத்தில்லை. முடிச்சிலோ எதிர்நாரிலோ (கத்திக்கு எதிராகச் சரிந்து ஓடும் மரநார்) கத்தி மாட்டி மரம் பின்னால் எகிறினால், அதை அழுத்திக்கொண்டிருந்த கை அடுத்த நொடியே கத்தியின் மேல் விழும். கத்தி விரலை வெட்டுவதில்லை, சீவி எடுத்துவிடுகிறது. ஆகவே மீண்டும் தைத்து இணைக்கப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. கீழே வரும் படிகள் யாவும் அந்த நொடி வராமல் தடுக்கவும், வந்தாலும் கை அங்கே இல்லாமல் இருக்கவும் சொல்லப்படுபவை.

படி 1: உடையும் உடலும்

லுங்கி, தோளில் துண்டு, முழுக்கைச் சட்டையின் தொங்கும் நுனி ஆகியவற்றோடு இயந்திரத்தருகே போகக் கூடாது. மோதிரம், காப்பு ஆகியவற்றோடு மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். அதைக் கழற்ற மனம் வராதவர்கள் பலர் உண்டு, ஆனால் கத்தி உருளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. கையுறை அணியவே கூடாது, துணி கத்தியில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தருகிறது. ஆகவே முகமூடி இல்லாமல் இழைக்க வேண்டாம்.

படி 2: இயந்திரத்தைச் சோதித்தல்

மின்சாரத்தைத் துண்டித்த பிறகே இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும். பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். மும்முனை இணைப்பாக இருந்தால் ஃபியூஸ் கேரியர்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கத்தி உருளையின் வடிவத்தைப் பாருங்கள். அது வட்டமாக இருக்க வேண்டும். மிகப் பழைய இயந்திரங்களில் இருந்த சதுர உருளைகள், மூலைகளுக்கிடையே உள்ள பள்ளத்தில் விரலை ஆழமாக இழுத்துக்கொள்ளும். தொழிற்சாலைச் சட்டம் 1948-இன் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளும், கையால் தள்ளி இழைக்கும் இயந்திரத்தில் வட்ட உருளையும், கத்தித் திறப்பின் முழு நீள அகலத்தை மூடக்கூடிய கார்டும் (பாதுகாப்பு மூடி) இருக்க வேண்டும் என்கின்றன. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கார்டைக் கழற்றி மூலையில் போட்டிருக்கும் பட்டறைகளை நிறையவே பார்க்கலாம். அப்படிப்பட்ட இயந்திரத்தில் பழகத் தொடங்காதீர்கள். கார்டைத் திரும்ப மாட்டச் சொல்லிக் கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை.

அடுத்தது மேசைகளின் உயரம். மரம் நுழையும் முன்மேசை சற்றுத் தாழ்ந்தும், வெளியேறும் பின்மேசை கத்தி முனையின் உச்சத்துக்குச் சரிமட்டமாகவும் இருக்க வேண்டும். பின்மேசையின் மேல் நேரான மரச்சட்டம் ஒன்றைக் கத்திக்கு மேலே நீட்டி வைத்து, உருளையைக் கட்டைத் துண்டால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள்: ஒவ்வொரு கத்தியும் சட்டத்தை உரசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தினால் அமைப்பு சரி. பின்மேசை தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசி நுனியில் பள்ளம் விழும். உயர்ந்திருந்தால் பலகை அதன் விளிம்பில் முட்டி நிற்கும். முட்டி நிற்கும் பலகையை வேகமாக அழுத்தித் தள்ளுவதில்தான் கை வழுக்குகிறது.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு செய்திகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மின்வெட்டு வந்தபோது இயந்திரம் நின்றுபோய், யாரும் ஸ்விட்சை அணைக்காமல் விட்டிருந்தால், மின்சாரம் திரும்பியதும் அது தானாகவே ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் யாராவது கத்தியிடையே சிக்கிய சீவலை எடுத்துக்கொண்டிருக்கலாம். நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டரைப் பொருத்தினால், மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. மற்றொன்று, மும்முனை இணைப்பில் முனைகள் மாறிப் பொருத்தப்பட்டால் மோட்டார் தலைகீழாகச் சுழலும். வயரிங் மாற்றிய ஒவ்வொரு முறையும், மரம் வைப்பதற்கு முன் சுழலும் திசையைப் பார்த்துவிடுங்கள்.

படி 3: மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

பழகுவதற்கு முடிச்சில்லாத, நேர்நார் கொண்ட பைன் பலகை போதும். வேம்பும் வேங்கையும் நார் பின்னிக் கிடக்கும் மரங்கள். எந்தத் திசையில் தள்ளினாலும் ஓரிடத்தில் பிசிறும், ஆகவே அவற்றைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். தேக்கில் உள்ள சிலிக்கா கத்தியை விரைவில் மழுங்கடிக்கும், மழுங்கிய கத்தி மரத்தைச் சீவாமல் தட்டி எகிறவிடும். பழைய வீட்டு நிலை, ஜன்னல் சட்டங்களை இழைப்பதானால் ஒவ்வொரு அங்குலத்தையும் காந்தத்தால் தடவிப் பாருங்கள். தலை முறிந்து உள்ளே கிடக்கும் ஆணிதான் கத்தியின் பெரிய எதிரி. பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் இதில் இழைக்கக் கூடாது.

அளவிலும் கட்டுப்பாடு உண்டு. சர்ஃபேஸில் ஓர் அடிக்குக் குறைந்த நீளமோ, அரை அங்குலத்துக்குக் குறைந்த தடிமனோ உள்ள மரத்தை வைக்க வேண்டாம். சின்னத் துண்டுகள் தேவையென்றால் நீளப் பலகையை இழைத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். மேசையின் மொத்த நீளத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் நீளமான பலகையை ஒருவர் தனியாகத் தள்ளக் கூடாது.

படி 4: முதல் முகம்

நான்கடி நீளம், ஆறங்குல அகலம், ஒன்றேகால் அங்குலத் தடிமன் உள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கவாட்டு விளிம்பில் நார்க்கோடுகள் எப்படி ஓடுகின்றன என்று பாருங்கள். முன்நுனியில் மேலேயிருந்து தொடங்கி, உங்கள் பக்கமுள்ள பின்நுனியை நோக்கிக் கீழே சரிந்து வருமாறு பலகையை வைத்தால், கத்தி நாரோடு சேர்ந்து போகும். முன்நுனியில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள், அது பிறகு உதவும். குழிந்த பக்கம் மேசையில் படவேண்டும். இரண்டு ஓரங்களில் அது ஊன்றி நிற்கும், ஆடாது. குவிந்த பக்கத்தைக் கீழே வைத்தால் பலகை தொட்டிலைப்போல் ஆடிக்கொண்டே இழைபடும். முகம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவையுங்கள், எங்கே இழைபட்டது என்பது தெரியும்.

ஆழம் அரை நூலுக்கு மேல் வேண்டாம், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். தொடக்கத்தில் அதிலும் பாதி போதும்.

இரு கைகளிலும் தள்ளுகட்டை இருக்க வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால், ஓரடி நீளக் கட்டையின் பின்நுனியில், இழைக்கும் பலகையின் தடிமனைவிடக் குறைந்த உயரமுள்ள ஒரு குதிகாலைப் பசையால் மட்டும் ஒட்டி, மேலே பிடி வைத்துச் செய்துகொள்ளலாம். அதில் ஆணியோ திருகோ இருக்கக் கூடாது, கட்டை கத்தியில் பட்டாலும் மரம்தான் படவேண்டும்.

பலகையின் நேர்பின்னால் நிற்காமல் முன்மேசையின் பக்கவாட்டில் நில்லுங்கள், எகிறும் மரம் பின்னோக்கியே பாயும். முழு வேகம் வந்த பிறகு பலகையை முன்மேசையில் அழுத்தி ஒரே சீராகத் தள்ளுங்கள். ஓரடி அளவு கத்தியைத் தாண்டியதும் இடக்கையைத் தூக்கிப் பின்மேசைக்கு மாற்றி அங்கே அழுத்தம் கொடுங்கள்; அதன்பின் அழுத்தம் முழுவதும் பின்மேசையில்தான், வலக்கை தள்ளுவதோடு சரி. கத்திக்கு முன்னும் பின்னும் நான்கங்குலம் வரை கை ஊன்றக் கூடாத இடம். பாதியில் பலகையைப் பின்னுக்கு இழுக்கவே கூடாது. தயக்கம் வந்தால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரை இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். பழகும் நாள்களில் தனியாக இழைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பென்சில் கோடு முழுவதும் மறையும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

படி 5: முதல் விளிம்பு

ஃபென்ஸ், அதாவது பலகையை ஒட்டித் தள்ள மேசைமேல் நிற்கும் வழிகாட்டித் தகடு, மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தால் பாருங்கள். இழைத்த முகத்தை ஃபென்ஸில் ஒட்டவைத்து, விளிம்பைக் கீழாக்கித் தள்ளுங்கள். விரல்கள் மேல்விளிம்பைச் சுற்றிக் கீழே தொங்காமல் இருக்கட்டும்.

படி 6: திக்னஸ் பிளானர்

இழைத்த முகம் கீழே. இங்கே கத்தி மேலே இருப்பதால் நார்த்திசையும் மாறுகிறது: சர்ஃபேஸில் பின்னால் இருந்த நுனி இங்கே முதலில் நுழைய வேண்டும், அதாவது அம்புக்குறி உங்களை நோக்கி இருக்கும். பலகையின் மிகத் தடித்த இடத்தை அளந்து, அதைச் சற்றே தொடும் உயரத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனைக் குறைக்காமல் இழையுங்கள். பலகையின் நீளம் முன் உருளைக்கும் பின் உருளைக்கும் இடையிலுள்ள தூரத்தைவிடக் குறைந்தபட்சம் இரண்டங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த உருளையின் பிடியிலும் இல்லாமல் அது கத்தியடியில் கிடந்து சிதறும்.

உருளை பற்றியதும் கையை விட்டுவிட்டு, பக்கவாட்டில் நகர்ந்து மறுபுறம் போய்ப் பலகையைத் தாங்கிப் பிடியுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று குனிந்து வாயில் எட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் வரும் ஆசை. உடைந்த முடிச்சு பறந்துவரும் பாதை அதுவே. பலகை சிக்கினால் இயந்திரத்தை அணைத்து, கத்தி உருளை முழுவதும் நின்றபின் மின்சாரத்தைத் துண்டித்து, மேசையைக் கீழே இறக்கிய பிறகே கையால் எடுக்க வேண்டும்.

இரு நுனிகளிலும் இரண்டு மூன்று அங்குலம் வரை சற்று ஆழமாகச் சீவப்படுவது இந்த இயந்திரத்தின் இயல்பு. பலகையை முதலிலேயே அரையடி கூடுதல் நீளத்தில் வெட்டி வைத்திருந்தால் கடைசியில் அதை நறுக்கிவிடலாம்.

எஞ்சிய இரண்டாவது விளிம்பைச் சர்ஃபேஸில் இழைத்தால் அது நேராகும், ஆனால் முதல் விளிம்புக்கு இணையாக வரும் என்ற உறுதி இல்லை. ஆகவே முதல் விளிம்பை டேபிள் ரம்பத்தின் ஃபென்ஸில் ஒட்டவைத்து, இறுதி அகலத்தைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாக அறுத்துக்கொண்டு, ரம்பத்தின் பல்தடத்தைக் கை இழைப்புளியால் எடுத்துவிடுங்கள்.