சேலத்துக் கடைக்கு டொமைன் பெயர்: விலை பேசும் முறை

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்பவரோ, ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துபவரோ தம் தொழிலுக்கு ஒரு டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரிக்கான பெயரைத் தேடும்போது, விரும்பிய பெயரை வேறொருவர் முன்பே பதிவு செய்து வைத்திருப்பது வழக்கம். புதிதாகப் பதிவு செய்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும் பெயருக்கு அவர் லட்சத்தில் விலை சொல்லக்கூடும். அந்த விலை தகுமா என்பதை, அதே பெயரை உங்களைத் தவிர வேறு யார் வாங்குவார்கள் என்ற கேள்வியைக் கொண்டுதான் அளக்க வேண்டும்.

‘சேலம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் தலைநகருக்கும், 1692இல் சூனியக்காரி வழக்குகள் நடந்த மாசசூசெட்ஸ் ஊருக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகள்தாம் என்பதால், அந்தச் சொல் தனித்து நிற்கும் பெயரை விற்பவர் டாலர் கணக்கில் பேசுவதில் வியப்பில்லை. அதனுடன் ‘கொலுசு’ சேர்ந்துவிட்டாலோ, வாங்கக்கூடியவர்கள் நம் ஊர்க் கடைக்காரர்கள் மட்டுமே. கொலுசை ஆங்கிலத்தில் ‘கே’யில் தொடங்குவோரும் ‘ஜி’யில் தொடங்குவோரும் உண்டு, ஆகவே விற்பவர் இறங்கி வராவிட்டால் மற்ற எழுத்துக்கூட்டலையோ ‘டாட் இன்’ என்று முடியும் பெயரையோ நீங்கள் நாடலாம். ஏற்காட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டல் நிலைத்துவிட்ட ஒன்று என்பதால், அங்கே எழுத்தை மாற்றிப் பெயர் வாங்குவது வாடிக்கையாளரைத் தொலைக்கும் வழி.

விலையை முதலில் விற்பவரே சொல்லட்டும். கடையின் பெயர் தாங்கிய மின்னஞ்சலிலிருந்து எழுதாதீர்கள். உங்கள் தேவையின் அவசரம் அதிலேயே தெரிந்துவிடும். அவர் எடுத்துக்காட்டும் பெயர்களின் விலை, கேட்கப்பட்ட விலையா, உண்மையில் கைமாறிய விலையா என்பதை நேம்பயோ போன்ற விற்பனைப் பதிவுத் தளத்தில் பாருங்கள். அந்தப் பெயரில் முன்பு சூதாட்டத் தளம் ஏதேனும் இயங்கியதா என்பதை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடுங்கள். இயங்கியிருந்தால் விலையைக் குறைக்க அதுவே வலுவான காரணம்.

விற்பவராக இருந்தால், பொதுச்சொற்களை வைத்து விலை பேசுவதில் தவறில்லை. பெயர் பெற்ற ஒரு கடையின் பெயரை அந்தக் கடைக்கே விற்கும் நோக்கில் பதிவு செய்வதுதான் ஆபத்து. வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் பொருந்தும் என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்திருக்கிறது. பணம் கிடைக்காமல் பெயரையும் இழக்க நேரலாம்.

விலை படிந்த பிறகும், முன்பின் அறியாதவருக்கு முழுத் தொகையை நேரடியாக அனுப்ப வேண்டாம். பெயர் கைக்கு வரும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவையைப் பயன்படுத்துங்கள். கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பெயரை இணையதளம் அமைத்துத் தருபவரின் கணக்கில் அல்லாமல், உங்கள் சொந்தக் கணக்கிலேயே பெறுங்கள். அண்மையில் பதிவான டாட் காம் பெயரை 60 நாள்கள்வரை, டொமைன் பெயர்களைப் பதிவு செய்து தரும் வேறு நிறுவனத்துக்கு மாற்ற இயலாமல் போகலாம். அப்போது விற்பவர் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திலேயே நீங்களும் ஒரு கணக்கைத் திறந்து, பெயரை அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.