வீட்டைப் பூட்டும் முன்

திருட நினைப்பவன், கைக்கெட்டும் பொருள், கவனிக்க ஆளில்லாத நேரம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போதுதான் திருட்டு நடக்கிறது என்று 1979-ல் சமூகவியலாளர்கள் லாரன்ஸ் கோஹெனும் மார்கஸ் ஃபெல்சனும் விளக்கினார்கள். அன்றாட நடவடிக்கைக் கோட்பாடு என்று இதற்குப் பெயர். திருடன் மனதை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்தான் இருக்கின்றன. ஜன்னலோரம் சார்ஜில் கிடக்கும் போனை உள்ளே தள்ளி வையுங்கள். அப்புறம், வெளியூர் போகும்போது வாசலில் வந்து விழும் பார்சலை எடுத்து வைக்கப் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். நான்கு நாளாக அங்கேயே கிடக்கும் பெட்டி, வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவுக்கே சொல்லிவிடும்.