பினாங்கில் தேனீ வளர்ப்பு: மழையும் மரங்களும் வகுக்கும் நாட்காட்டி

தேனீ வளர்ப்பு நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. பனிக்காலத்தில் கூட்டை எப்படிக் காப்பது, இளவேனிலில் பெட்டியை எப்போது திறப்பது என்றே அவை பாடத்தைத் தொடங்கும். பினாங்கில் பனியும் இல்லை, மரங்கள் எல்லாம் ஒருசேர மொட்டையாக நிற்கும் பருவமும் இல்லை. எங்காவது ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டேதான் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, இங்கே தேனீக்குப் பஞ்சமே வராது என்று புதிதாகத் தொடங்குவோர் பலர் நம்பிவிடுகிறார்கள். இங்கும் பஞ்சகாலம் உண்டு. அது மழையோடு வருகிறது. நாட்கணக்கில் விடாமல் பெய்யும் மழையில் பூவிலுள்ள தேன் கழுவப்பட்டுவிடும், மகரந்தம் நனைந்து வீணாகும், தேனீயும் கூட்டைவிட்டு வெளியேறாது. உள்ளே இருக்கும் இருப்பு கரைந்த பிறகு, கூட்டமே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும்.

ஆகவே, முதலில் மழையின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானு கரைகளில் வெள்ளத்தைக் கொட்டும் வேளையில், தித்திவங்சா மலைத்தொடரின் மறைவில் இருக்கும் பினாங்கு காய்ந்து கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மாலை மழை கூடும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஓரளவு வறட்சி இருக்கும். செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரை நீள்வதுதான் பெருமழைக்காலம். அதிலும் அக்டோபர் மிகவும் ஈரமான மாதம். நம் நாட்டு மரங்களில் பல, வறண்ட சில வாரங்களுக்குப் பிறகு விழும் முதல் மழையையே பூப்பதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்கின்றன. மாதத்தின் பெயரைப் பார்த்துப் பெட்டியைத் திறப்பவரைவிட, கடைசியாக எப்போது காய்ந்தது, அதன்பின் எப்போது நனைந்தது என்று குறித்து வைப்பவருக்கே தேன் கிடைக்கும்.

எந்தத் தேனீயை வளர்ப்பது?

பெட்டியில் வளர்க்க ஏற்றவை இரண்டு. ஒன்று, பொந்திலும் சுவர் இடுக்கிலும் பல அடைகளை வரிசையாகக் கட்டும் அடுக்குத் தேனீ. மற்றது, கொடுக்கால் கொட்டாத கொசுத்தேனீ. மலேசியாவில் எல்லாருக்கும் அது கெலுலுட் என்றே பழக்கம். மலைத்தேனீயைப் பெட்டியில் அடைக்க முடியாது. அது திறந்த வெளியில் ஒரே ஒரு பெரிய அடையைக் கட்டும். கெடாவின் காடுகளில் துவாலாங் மரக்கிளைகளிலும், நகரத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களின் தாழ்வாரங்களிலும் தொங்குவது அதுதான். அதன் கூட்டை யாரும் தாமாகக் கலைக்க முற்படக் கூடாது. அது கூட்டமாகத் துரத்திக் கொட்டும், உயிருக்கே ஆபத்தாகும்.

வரிசை வீட்டில் குடியிருப்பவர்களுக்குக் கெலுலுட்டே ஏற்றது. குழந்தைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் அதனால் அச்சமில்லை. பாலிக் புலாவிலோ செபராங் பிறையிலோ தோட்டம் உள்ளவர்கள் அடுக்குத் தேனீயைத் தாராளமாக வைக்கலாம். எதை வைத்தாலும், பெட்டி வாங்குவதற்கு முன் சுற்றுப்புறத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். அடுக்குத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே இரை தேடும்; கெலுலுட் சில நூறு மீட்டருக்கு அப்பால் போவது அரிது. அந்த வட்டத்துக்குள் நிற்கும் மரங்களே உங்கள் தேனீயின் உலகம்.

மரங்களைப் படித்தல்

தென்னை இருக்கும் இடத்தில் தேனீ பட்டினி கிடப்பது குறைவு. நல்ல தென்னை ஏறத்தாழ மாதம் ஒரு பாளை விடும்; தேனும் மகரந்தமும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கிடைக்கும். பெட்டி நிறையும் அளவுக்குத் தேனை அது தராது. ஆனால் கூட்டம் உயிரோடு இருக்கப் போதும். கமுகும் செம்பனையும் முக்கியமாக மகரந்தத்துக்கு உதவும். செம்பனைத் தோட்டத்தின் நடுவில் பெட்டியை வைத்துவிட்டுத் தேனை எதிர்பார்ப்பது வீண்.

தேனைக் கொட்டிக் கொடுக்கும் மரம் ரப்பர். அது இந்த மண்ணின் மரமில்லை, பிரேசிலிலிருந்து வந்தது. ஆனால் நம் பாட்டன் பாட்டிமார் பால் சீவிய அந்த மரத்தை விட்டுவிட்டுப் பினாங்கு நிலப்பகுதியின் தேன் கணக்கை எழுதவே முடியாது. வறட்சியில் அது இலையுதிர்த்து, ஜனவரி இறுதியிலிருந்து மார்ச்சு வரை தளிர்விடும். அப்போது ஒரு தளிரைப் பறித்து, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய புடைப்புகள் அங்கே தெரியும். செம்பழுப்பாக இருக்கும் தளிர் பச்சைக்கு மாறும் நாட்களில் அந்தச் சுரப்பிகளில் தேன் துளிர்த்து நிற்கும். விரல் வைத்தால் ஒட்டும். பூவைத் தேடாமல் இலைக்காம்பிலேயே தேனீ மொய்ப்பது இதனால்தான். புதிய தளிர் முற்றியதும் சுரப்பு நின்றுவிடும், அதுவரை உள்ள சில வாரங்களே பெரிய வரவு. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட இடங்களில் இந்த வரவு அற்றுப்போனது என்பது தேனீ வளர்ப்போருக்குப் பெரிய இழப்பு.

நாட்டு மரங்களில் நான் மிகுதியாக நம்புவது அங்சானா. இது நம் வேங்கையின் நெருங்கிய உறவு. குறிஞ்சி நிலத்து மக்கள் வேங்கை பூப்பதைக் கொண்டே தினை கொய்யும் நாளைக் கணித்தார்கள். பினாங்கின் சாலையோர அங்சானாவும் அதே போன்ற கணியாக நமக்கு உதவும். வறண்ட நாட்களுக்குப் பிறகு மழை விழுந்தால், சில நாட்களில் மரம் முழுவதும் பொன்னிறமாகிவிடும். ஒரே நாளில் பூவெல்லாம் உதிர்ந்து சாலையை மூடும். பிறகு சில நாள் அல்லது வார இடைவெளியில் மீண்டும் பூக்கும். அந்த ஒரு நாள் காலையில் கூட்டின் வாசலில் நெரிசலைக் காணலாம். அங்சானா பூத்தது என்றால் மற்ற மரங்களும் மொட்டு கட்டத் தொடங்கியிருக்கும் என்று கொண்டு, பெட்டியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடலோரத்துப் புன்னையும் நாவல் இனத்து ஜம்பு மரங்களும் மலர்க்கொத்துகளால் தேனீயை இழுக்கும். ரம்புத்தானின் பூவுக்கு இதழ் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, பச்சை கலந்த சிறு மலர்களே. என்றாலும் பாலிக் புலாவ் தோட்டங்களில் வறட்சி முடியும் வேளையில் அது தரும் தேன் மிகுதி. டுரியான் மாலையில் மலர்ந்து இரவில் வௌவாலை அழைக்கும் மரம். பொழுது சாய்வதற்குள் தேனீக்கும் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். சதுப்பு நிலக் கரையோரங்களில் வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கெலுலுட்டுக்குத் தேனும் மகரந்தமும் மட்டும் போதாது; பிசின் வேண்டும். வாசல் குழாய், தேன்குடம், முட்டை அறைகளைச் சுற்றிய உறை எல்லாவற்றையும் அது மெழுகோடு பிசினைக் குழைத்தே கட்டுகிறது. மா, பலா, செம்பெடாக் ஆகியவற்றின் பட்டைக் கசிவும், காட்டோரமாக இருந்தால் குங்கிலியக் குடும்பத்து மெராந்தி மரங்களின் பிசினும் அதற்குப் பயன்படும். கொடிமலை (பினாங்கு ஹில்) சரிவுகளை ஒட்டி வைத்த கூடுகள் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மலைக்காட்டையும் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவையும் உள்ளடக்கிய பகுதியை யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. காட்டு மரங்கள் பல ஒரே காலத்தில் பூத்துக் குலுங்கும் பெரும்பூப்பு ஆண்டுதோறும் வருவதில்லை, சில ஆண்டு இடைவெளி விட்டே வரும். அதை நம்பி வளர்ப்பைத் திட்டமிட வேண்டாம்.

பருவத்துக்கேற்ற வேலை

டிசம்பரில் மழை ஓய்ந்ததும் பெட்டியைத் திறந்து அடிப்பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கறுத்துப்போன பழைய அடைகளை அகற்றிவிட்டுப் புதிய சட்டங்களைக் கொடுங்கள். அடுக்குத் தேனீக்கு அடைகளின் இடையே விட வேண்டிய நடைவழி ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். இதைவிட அகலமானால் இடையில் குறுக்கு அடை கட்டிவிடும். ரப்பர் தளிர்ப்பதற்கு ஐந்தாறு வாரம் முன்பே இராணி நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருக்க வேண்டும். இன்று இட்ட முட்டை பணித் தேனீயாக வெளிவர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும், அது வெளியே போய் இரை தேடத் தொடங்க மேலும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதே இதற்குக் காரணம். தேன்வரவு தொடங்கிய பிறகு கூட்டத்தைப் பெருக்க நினைத்தால், ஆள் சேர்வதற்குள் பூ முடிந்துவிடும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கூட்டம் பிரியும் காலம். வாரம் ஒருமுறை அடைகளின் கீழ் விளிம்பைப் பார்க்க வேண்டும். முதலில் ஆண் தேனீ அறைகள் தோன்றும். அவற்றின் மூடி கூம்பாக எழும்பி, நடுவில் ஊசி குத்தியது போன்ற ஒரு துளையுடன் இருக்கும். அடுத்து, கீழ்நோக்கித் தொங்கும் இராணி அறைகள் வரும். அவை தெரிந்தால் தாமதிக்காமல் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, பழைய இராணியைப் பாதித் தேனீக்களோடு வேறொரு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். பிரிக்க விருப்பமில்லை என்றால் மேலே தேன் அறையை, அதாவது தேன் சேர்ப்பதற்கான கூடுதல் அடுக்கை, வைத்து இடம் கொடுக்க வேண்டும். இராணி அறைகளைக் கிள்ளிப் போடுவதால் மட்டும் கூட்டம் பிரிவது நின்றுவிடாது.

செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலமே வளர்ப்பவருக்கு உண்மையான தேர்வு. ஆகஸ்டு கடைசியில் எடுக்கும் தேனில் கஞ்சத்தனமாக இருந்து, குறைந்தது இரண்டு மூன்று அடைத் தேனைக் கூட்டத்துக்கே விட்டுவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருப்பு குறைந்தால் ஒரு கிலோ வெள்ளைச் சீனியை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, பொழுது சாய்ந்த பின் பெட்டிக்குள்ளேயே கிண்ணத்தில் வையுங்கள். தேனீ மூழ்காதபடி அதில் சில குச்சிகளைப் போட வேண்டும். வெளியே வைத்தால் எறும்பும் பக்கத்துக் கூட்டத்துத் தேனீயும் வந்து கொள்ளையடிக்கும். தேன் அறை மேலே இருக்கும்போது சீனிப்பாகு கொடுக்கவே கூடாது. அது தேனோடு கலந்து, விற்பவரின் நேர்மையையே கெடுத்துவிடும். அடையில் முட்டையும் புழுவும் அறவே இல்லாமல், தேனும் தீர்ந்து, பணித் தேனீக்கள் அமைதியின்றி ஓடிக்கொண்டிருந்தால் கூட்டம் புறப்படத் தயாராகிறது என்று பொருள். அந்த நிலை வருவதற்கு முன்னரே உணவு கொடுப்பதே காப்பாற்றும் வழி.

எறும்புக்கு, பெட்டியின் கால்களை எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்துவது போதும். மரத்திலிருந்து பெட்டிமேல் சாயும் கிளை ஒன்று இருந்தாலும் முசுறு அதன் வழியே இறங்கிவிடும், ஆகவே கிளைகளை வெட்டிவிடுங்கள். கதண்டு வாசலில் வட்டமிட்டால் வாசலைக் குறுக்குங்கள். வலுவான கூட்டம் அதைச் சூழ்ந்து உருண்டையாக மொய்த்து, தன் உடற்சூட்டாலேயே கொன்றுவிடும். மெழுகு அந்துப்பூச்சி தேனீ மூடாத வெற்று அடைகளில்தான் முட்டையிடும். கூட்டத்தின் அளவுக்கு மிஞ்சிய அடைகளை வெளியே எடுத்துவிடுவதே அதற்கு மருந்து.

நகரத்தில் இவை எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது டெங்கிக் கொசுவுக்கு அடிக்கும் புகை. குடியிருப்பில் புகை அடிக்கப் போவதாக அறிவிப்பு வந்தால், தேனீ அடங்கியிருக்கும் நேரத்தில், காற்று புகும் கம்பிவலையால் வாசலை அடைத்து, நனைத்த சாக்கைப் பெட்டிமேல் போர்த்துங்கள். புகை முற்றிலும் கலைந்த பிறகே திறக்க வேண்டும். கெலுலுட்டின் குழாய் வாசலையும் அவ்வாறே மெல்லிய வலையால் மூடலாம்; குழாயை நசுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேன் எடுத்தலும் பேணுதலும்

அடுக்குத் தேனீயின் அடையில் நான்கில் மூன்று பங்காவது மெழுகால் மூடப்பட்டிருந்தால்தான் தேன் முதிர்ந்தது எனலாம். மழை விட்டு இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு, நண்பகலுக்கு முன்னர், தேங்காய் நாரின் குளிர்ந்த புகையை இலேசாகக் காட்டி எடுங்கள். புழு உள்ள அடையைப் பிழிவது பாவம் மட்டுமில்லை, தேனும் விரைவில் புளித்துவிடும்.

கெலுலுட்டில், கூடு இருக்கும் மரக்கட்டையின் மேல் பொருத்திய பெட்டியில் உள்ள தேன்குடங்களில் மட்டும் சிறு துளையிட்டு, உறிஞ்சுகுழாயால் எடுக்க வேண்டும். சிந்திய தேனையும் உடைந்த மகரந்தக் குடத்தையும் உடனே துடைத்து, மூடியின் இடுக்குகளை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வாசனைக்குச் சிறு ஈக்கள் நுழைந்து முட்டையிட்டு, சில நாட்களில் கூட்டையே அழுகவைத்துவிடும். கெலுலுட் தேன் இயல்பாகவே நீர்த்தது, புளிப்பானது. 2017-இல் வந்த மலேசியத் தரநிலை அதில் 35 விழுக்காடு வரை நீரை ஏற்கிறது. ஆகவே அதைக் குளிர்பெட்டியில் வைத்து, புட்டி வாயை இறுக்காமல் விடுங்கள்; நொதிக்கும்போது எழும் காற்று கண்ணாடியை உடைக்கும்.

எந்தத் தேனாக இருந்தாலும், ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் ஒரு துளிகூட வைக்கக் கூடாது. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மவர் வீடுகளில் இன்னும் உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். உங்கள் தேனை வாங்குபவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், புட்டியைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.